வில்லின் நாண்: கழற்றுவதா, பூட்டியே வைப்பதா?

ஒரே மரத்தில் செதுக்கிய வில்லா? யோசிக்கவே வேண்டாம், எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். பூட்டியே வைத்தால் மரம் அந்த வளைவுக்கே பழகிப்போய் அம்பின் வேகம் குறையும்.

கண்ணாடியிழை ஒட்டிய வில்லில்தான் குழப்பம்.

வலு: கழற்றினால் ஓய்வு. சில நாள் பூட்டியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

ஆபத்து: கழற்றிப் பூட்டும்போது, அதுவும் காலிடுக்கில் வைத்து வளைத்தால், வளையும் பகுதி முறுக்கிக்கொள்ளலாம். பூட்டுவதற்கென்று உள்ள கயிறு இருந்தால் இந்தப் பயம் குறைவு. பூட்டிய வில்லை மூலையில் சாய்த்து வைத்தாலும் இதே கதிதான். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் பசையே விட்டுவிடலாம்!

சௌகரியம்: பூட்டியிருந்தால் எடுத்தவுடன் எய்யலாம்.

தினமும் எய்பவர் பூட்டியே வைக்கலாம். வாரம் ஒருமுறைதான் என்றால் கழற்றுவதே சரி.