பத்துப் பேர் சேர்ந்தால் விலை குறையும் என்றார்கள்

கமரா வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் கொழும்பு நண்பர்களே, பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று யாராவது முன்பணம் கேட்டால், கொடுக்க முன் இதை வாசியுங்கள்.

காலிமுகத்திடலில் பின்னேரங்களில் படம் எடுக்கப் போகும்போது பழக்கமான ஒரு அண்ணன்தான் கதையைத் தொடங்கினார். நிக்கோன் இசட்50 கமரா, அதோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸோடு, பம்பலப்பிட்டிக் கடையில் எனக்குச் சொன்ன விலையைவிட 45,000 ரூபாய் குறைவு. ஆளுக்கு 100,000 முன்பணம், அதுவும் அவருடைய சொந்தக் கணக்குக்கு. ஒருவர் போட, அவரைப் பார்த்து இன்னொருவர் போட, நானும் போட்டேன். பத்துப் பேரில் ஒருவர்கூடப் பற்றுச்சீட்டு கேட்கவில்லை. மற்றவர் கேட்டிருப்பார் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம்.

மூன்று கிழமை என்றது ஒன்பது கிழமையானது. மீதிக் காசையும் வாங்கிக்கொண்டு வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கை முனையில் வைத்துப் பெட்டியைத் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒட்டுநாடாவுக்கு மேல் இன்னொரு ஒட்டுநாடா. மேலே பிளாஷ் பூட்டும் இடத்தில் கறுப்புப் பூச்சு உரிந்து உலோகம் தெரிந்தது. பெட்டியிலும் கமராவிலும் இருந்த சீரியல் இலக்கங்களில் கடைசி இரண்டு எண்கள் வேறு. ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்ற கணக்கை நிக்கோன் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் பதிந்துவைக்கும். ஒரு படம் எடுத்து, அந்தப் பதிவை வாசிக்கும் எக்ஸிப்டூல் என்ற மென்பொருளில் திறந்தேன். 6,214. புதுக் கமரா என்று வாங்கியதில்! எனக்குக் கை நடுங்கியது. உத்தரவாத அட்டையும் வேறு நாட்டுக்குரியது, இங்கே செல்லாது.

அன்றிரவே அழைத்தேன். "நான் காசு சேர்த்துக் கொடுத்தவன் மட்டும்தான் தம்பி, டுபாய் ஆளோடு கதைக்கிறேன்" என்றார். அப்புறம் அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை என்றே நாலு மாதம் போய்விட்டது. அந்த இழுத்தடிப்புத்தான் என்னை வீழ்த்தியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் பொருள் விற்கப்பட்டு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு அது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. கையில் இருந்ததும் வங்கித் துண்டு மட்டும்தான். அதில் கடை பெயரும் இல்லை, கமரா பெயரும் இல்லை.

எங்களோடு சேர்ந்த தெஹிவளைத் தம்பி ஒருவர் கலியாணப் படம் எடுக்கவென்று கடன்பட்டு வாங்கியவர். அவருடைய கமராவில் ஷட்டர் கணக்கு 11,000ஐத் தாண்டியிருந்தது. அவருக்காகத்தான் எனக்கு அதிகம் வயிறு எரிகிறது.

இப்போது லென்ஸுக்கு அதே மாதிரி ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யாராவது உங்களிடமும் கேட்டால், கடையின் பெயரும் சீரியல் இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் வருமா என்று முதலில் கேளுங்கள். பொருளை எடுக்கும் இடத்திலேயே பெட்டியைத் திறந்து இலக்கத்தை ஒப்பிடுங்கள். ஏமாந்துவிட்டால் அடுத்த கிழமைக்குக் காத்திருக்காமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அன்றே அழையுங்கள்.