முழங்கால் வலிக்குப் பின் நான்கு ஆண்டு நீச்சல்

ஓட்டப் பயிற்சியால் வலது முழங்காலில் வலி கண்டு, படி இறங்கும்போதெல்லாம் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டிய நிலை வந்த பிறகுதான் நான் நீச்சலுக்கு வந்தேன். வாரம் நான்கு நாட்கள், நாளுக்கு 40 நிமிடம் என்று நான்கு ஆண்டுகளாகத் தொடர்கிறேன்.

மூட்டுக்கு நீச்சல் இதமானது என்பதற்குக் காரணம் எளிது. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. இடுப்பளவு நீரில் நின்றாலோ எடையில் ஏறத்தாழப் பாதியை நீரே தாங்கிக்கொள்கிறது, கழுத்தளவு நீரில் காலுக்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அதிர்ச்சி இல்லை என்பதால் உழைப்பும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதைத் தள்ளிக்கொண்டு போக முதுகும் தோளும் வயிறும் தொடையும் ஒருசேர உழைக்க வேண்டியிருக்கிறது.

முதல் மாதம் 25 மீட்டரைக் கடப்பதற்குள்ளேயே மூச்சு முட்டியது. உடலில் வலு இல்லை என்று வருந்தினேன். உண்மையில் மூச்சை அடக்கி வைத்திருந்ததே தவறு. முகம் நீருக்குள் இருக்கும்போதே மூக்கின் வழியாகக் குமிழி குமிழியாகக் காற்றை முழுவதும் விட்டுவிட்டு, ஒரு காதும் நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கமும் நீருக்குள்ளேயே இருக்கும்படி தலையைச் சற்றே திருப்பினால், வாயோரத்தில் காற்று தானாக வந்து நிறைகிறது. இது கைவந்த வாரத்திலேயே நான்கு சுற்றுகளை நிற்காமல் முடித்தேன். இன்று ஒரு கிலோமீட்டர் நீந்துகிறேன்.

மூன்றாம் மாதத்தில் முழங்காலின் உட்புறத்தில் புதிதாக ஒரு வலி தொடங்கியது. தவளையைப் போல் காலை மடக்கி வெளிப்புறமாக உதைக்கும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கையே நான் பெரும்பாலும் நீந்தி வந்தேன். அந்த உதை முழங்காலின் உட்பக்கத் தசைநாரை இழுக்கக்கூடியது. பயிற்சியாளரின் சொற்படி, குப்புறக் கிடந்து கைகளை மாறி மாறி வீசும் ஃப்ரீஸ்டைலுக்கும் மல்லாந்து நீந்துவதற்கும் மாறியதும் சில வாரங்களில் அது தணிந்தது. ஆகவே முழங்கால் வலியுடன் வருபவர்கள் எந்த முறையில் நீந்துகிறோம் என்பதை முதல் நாளே கவனிக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

ஓய்வுநிலை நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 78-லிருந்து 64-க்கு இறங்கியிருக்கிறது, படிகளில் கைப்பிடியைத் தேடுவதில்லை, உறக்கம் ஆழமாகியிருக்கிறது. எடை மட்டும் மூன்று கிலோதான் குறைந்தது, ஏனெனில் நீந்தி முடித்ததும் எழும் பசி கடுமையானது. கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: நீருக்குள் அதே அளவு உழைப்புக்கு, நிலத்தில் காட்டுவதைவிடத் துடிப்பு பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எலும்பு வலுப்பெற அதன் மீது சுமை ஏற வேண்டும்; எடையை நீர் தாங்கிக்கொள்ளும் இப்பயிற்சியில் அது போதிய அளவு கிடைப்பதில்லை. அதனால் வாரம் இருமுறை எடைப் பயிற்சியும், நீந்தாத நாட்களில் அரை மணி நேர நடையும் சேர்த்திருக்கிறேன். முழங்கால் இதுவரை அதற்கு ஒத்துழைத்து வருகிறது.