30 நாளில் 48,000 பக்கமும் கூகுளில் வரும் என்றார், 60,000 ரூபாய் போனது

கோவையில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இம்பெல்லர், புஷ், ஷாஃப்ட், மெக்கானிக்கல் சீல் என்று அப்பா காலத்து வியாபாரம். போன வருடம் இணையத்திலும் விற்கலாம் என்று ஒரு தளம் போட்டோம். செய்து கொடுத்த தம்பி, ஒவ்வொரு பொருளையும் எல்லா ஊர்ப் பெயரோடும் பெருக்கிவிட்டார். ‘1 எச்பி இம்பெல்லர் பொள்ளாச்சி’, ‘1 எச்பி இம்பெல்லர் உடுமலை’ என்று மொத்தம் 48,000 பக்கம். கடையில் இருக்கும் உருப்படிகள் மூவாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் 48,000 என்று சொல்லிக்கொள்ள அப்போது பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து, கூகுள் தேடலில் நம் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோல் என்ற கூகுள் கருவியைத் திறந்தால், இண்டெக்ஸ் ஆனது, அதாவது கூகுள் தன் தேடல் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, 1,140 பக்கம். மீதியில் பெரும்பகுதிக்கு நேரே ‘டிஸ்கவர்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு’ என்று இருந்தது. முகவரி கூகுளுக்குத் தெரியும், ஆனால் இன்னும் வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். அதன் பக்கத்திலேயே ‘க்ரால்டு’ என்று தொடங்கும் இன்னொரு வரி உண்டு. அது வந்து பார்த்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டது. இந்த வித்தியாசம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்றைக்குக் கண்ணில் பட்டது ‘நாட்’ மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் போன் செய்தார். பேச்சு தேன். "உங்க தளத்துக்கு க்ரால் பட்ஜெட் பத்தலை சார், அதை நாங்க ஏத்தித் தர்றோம். 30 நாள்ல எல்லாப் பக்கமும் உள்ளே. ஆகலைன்னா முழுப் பணமும் வாபஸ்." க்ரால் என்றால் கூகுள் வந்து பக்கங்களைப் படிப்பது, க்ரால் பட்ஜெட் என்றால் ஒரு தளத்தில் அப்படிப் படிக்க அது ஒதுக்கும் அளவு. கட்டணம் 60,000 ரூபாய், பாதி முன்பணம். பணம் வாங்கிக்கொண்டு ஒரு தளத்தை அடிக்கடி க்ரால் செய்வதில்லை என்று கூகுள் தன் உதவிப் பக்கங்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அவர் இரண்டு அனுமதி கேட்டார். தளத்தின் அட்மின் பாஸ்வேர்டு, சர்ச் கன்சோலில் ஓனர் உரிமை. வீட்டில் கேட்டாள், "ஓனர் எதுக்குங்க? வேலை செய்யறவருக்கு வேலைக்காரர்னு குடுத்தாப் போதாதா?" அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சிரித்தேன். கல்லாச் சாவியை நீட்டிய பிறகுதான் அந்தக் கேள்வியின் மதிப்பு தெரிந்தது.

பத்தே நாளில் வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கின. ஒன்றில் ‘48,000 முகவரிகள் ஏற்கப்பட்டன’ என்று பச்சை எழுத்து. அது இண்டெக்ஸ்நவ் என்ற முறையில் அனுப்பியது. பிங், யாண்டெக்ஸ் போன்ற தேடுபொறிகள் அதை ஏற்கும், கூகுள் அதில் இல்லை. இலவசம், ஒரு தடவைக்கு 10,000 முகவரி வரை அனுப்பலாம். ஆக ஐந்து தடவை அனுப்பினால் வேலை முடிந்தது. இன்னொரு படத்தில், கூகுளில் சைட் என்று போட்டு முக்காற்புள்ளி வைத்துத் தேடியதற்கு 19,000 முடிவுகள். அந்த எண் வெறும் தோராயம், கணக்குக்கு ஆகாது. ஆனால் சர்ச் கன்சோலிலும் 6,800 என்று ஏறியிருந்ததே! அதைப் பார்த்து மயங்கி மீதி முப்பதாயிரத்தையும் அனுப்பினேன்.

அப்புறம்தான் கடைக்குப் போன் வர ஆரம்பித்தது. பொருள் கேட்டு இல்லை.

"அண்ணே, உடுமலையில இம்பெல்லர் வேலைக்கு ஆள் எடுக்கறீங்களாமே?"

முதல் ஆளை ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அன்று மாலைக்குள் பதினொரு பேர். அடுத்த வாரம் தர்மபுரியிலிருந்து ஒரு பையன் சான்றிதழ் ஃபைலோடு பஸ் ஏறி நேரில் வந்து நின்றான். கூகுள் வேலைவாய்ப்புப் பட்டியலில் எங்கள் கடை பெயரில் விளம்பரத்தைப் பார்த்தானாம். போனிலும் காட்டினான். சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பஸ் காசும் கொடுத்து அனுப்பினேன். அவன் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மச்சான் மகள் பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கிறாள். அவளிடம் தளத்தைக் காட்டினேன், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கூகுளுக்கு இண்டெக்ஸிங் ஏபிஐ என்று ஒரு வாசல் உண்டு. அது வேலை அறிவிப்புப் பக்கங்களுக்கும் நேரலை வீடியோப் பக்கங்களுக்கும் மட்டும்தான். அந்த ஆள் எங்கள் பொருள் பக்கங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத வேலை அறிவிப்புக் குறியீட்டைச் செருகி, அந்த வாசல் வழியே தள்ளியிருக்கிறார். ஓனர் உரிமை இல்லாமல் அந்த வாசல் திறக்காது. சாதாரணமாக, இந்த வாசலுக்காகக் கூகுளில் திறக்கும் ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரு நாளைக்கு 200 முகவரிதான் அனுமதி. அந்தக் கணக்கில் போனால் 48,000 பக்கத்துக்கு 240 நாள் ஆகும். 30 நாளில் முடிக்க எட்டு ப்ராஜெக்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வேண்டும். ஓனர் பட்டியலைத் திறந்து பார்த்தோம், நான் பார்த்தே இராத எட்டு மின்னஞ்சல் முகவரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அடுத்த மாதமே 6,800 சரசரவென்று இறங்கி 900-க்கு வந்தது. நான் தொடங்கிய இடத்துக்கும் கீழே. செருகிய அந்தக் குறியீட்டுக்காக ‘கட்டமைப்புத் தரவு முறைகேடு’ என்று கூகுளிடமிருந்து நோட்டீஸும் வந்தது. ஆளைக் கேட்டால், "கூகுள் அப்டேட் சார், எல்லாருக்கும் இதே கதைதான். இன்னும் 12,000 போட்டா பேக்லிங்க் பேக்கேஜ் பண்ணிடலாம்." பேக்லிங்க் என்றால் மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு. வாபஸ் பேச்சை எடுத்ததும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். பில்லில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் இருக்கிறது. எத்தனை பக்கம், எத்தனை நாள், எதுவும் அதில் இல்லை. நானும் எழுதிக் கேட்கவில்லை.

ஆளை நீக்குவதும் ஒரே கிளிக்கில் முடியவில்லை. எட்டு முகவரிகளை நீக்கினோம். ஆனால் அவர் தன் சொந்தக் கணக்குக்காக, தான்தான் ஓனர் என்று கூகுளுக்குக் காட்டும் ஒரு சரிபார்ப்புக் கோப்பைச் சர்வரில் போட்டு வைத்திருந்தார். அது இருக்கும்வரை மறுபடி ஓனராகிவிடலாம். அதைத் தேடி அழித்து, பாஸ்வேர்டை மாற்றி, குறியீடுகளைக் களைந்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம்.

ஊர்ப் பெயர்ப் பக்கங்களை மொத்தமாகத் தூக்கிவிட்டோம். மச்சான் மகள் சொன்னது இதுதான்: "மாமா, ஒரே பக்கத்துல ஊர்ப் பேரை மட்டும் மாத்தி நாப்பதாயிரம் தடவை கொடுத்தா, அவன் எதுக்கு எடுத்து வைப்பான்?" இப்போது 3,100 பக்கம். ஒவ்வொன்றிலும் நானே கேலிப்பரில் அளந்த விட்டம், எந்த மாடலுக்குப் பொருந்தும் என்ற குறிப்பு, கடையில் எடுத்த படம். முகப்பிலிருந்து மூன்று கிளிக்கில் எந்தப் பொருளுக்கும் போகலாம். முன்பு பாதிப் பக்கங்களுக்கு சைட்மேப்பை, அதாவது தேடுபொறிகளுக்காகத் தளத்தில் வைக்கும் முகவரிப் பட்டியலைத் தவிர எங்கிருந்தும் வழியே இல்லை. ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரி வரை போடலாம்தான், ஆனாலும் பொருள் வகைக்கு ஒன்றாகப் பிரித்தோம், எந்த வகை விடுபடுகிறது என்று தெரிய. ஐந்து மாதத்தில் 2,260 பக்கம் ஏறியிருக்கிறது. சீல் பக்கங்கள் மட்டும் இன்னும் இழுக்கின்றன, அளவைத் தவிர அவற்றில் எழுத அதிகமில்லை.

வேலை கேட்டு இன்னும் எப்போதாவது போன் வருகிறது. யாரோ பழைய விளம்பரத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் விட்டிருக்கிறார்கள்.