பேச்சுச் சிகிச்சைப் பட்டதாரியின் முதல் வேலை: மருத்துவமனையா, பள்ளியா?

பேச்சுச் சிகிச்சை படித்து முடித்தவருக்கு மருத்துவமனை, பள்ளி இரண்டின் வாசலும் திறந்தே இருக்கிறது என்றாலும், அவை எதிர்பார்க்கும் தகுதிகள் ஒன்றல்ல. மருத்துவமனைகள் முதலில் பார்ப்பது, பக்கவாதத்தால் மொழித்திறன் இழந்தவர்களோடும் விழுங்குவதில் சிரமப்படுபவர்களோடும் அவர் பயிற்சிக் காலத்தில் பழகியிருக்கிறாரா என்பதைத்தான். உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்றால் நிமோனியா வரை போகக்கூடும் என்பதால், அனுபவமற்றவரைத் தனியே விட அவை தயங்குவது நியாயமே. எனவே, விழுங்குதலை எக்ஸ்ரே காணொளியில் ஆராயும் பரிசோதனையை மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் கற்றவருக்கு, மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் வாய்ப்பு கூடுகிறது. பயிற்சி பெற்ற இடத்திலேயே வேலை அமைவதும் உண்டு.

பள்ளியில் உச்சரிப்புக் குறைபாடு, திக்கிப் பேசுதல், மொழி வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் ஆகியவையே பணியின் பெரும்பகுதி. அங்கே ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் புரியும்படி அறிக்கை எழுதும் திறனும், குழந்தையின் வீட்டுமொழியை அறிந்திருப்பதும் எடை பெறுகின்றன. பின்னதைப் பலர் விண்ணப்பத்தில் குறிப்பிடவே மறந்துவிடுகிறார்கள்.

என் கணிப்பில், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனை இடம் அமைந்தால் அதையே முதலில் ஏற்பது நல்லது. அங்கிருந்து பள்ளிக்கு மாறுவது, பள்ளியிலிருந்து விழுங்குதல் சிகிச்சைக்கு மாறுவதைவிட எளிது. குழந்தைகளோடு பணிபுரிவதிலேயே மனம் உறுதியாக இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.