வாஷிங் மெஷின் ரிப்பேருக்குத் தேடுகிறீர்களா? முதலில் வருவதைத் தொடாதீர்கள். எனக்கு 780 வெள்ளி போச்சு

வயிறு எரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில், அதிலும் செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். அந்த ஆள் இன்னும் இங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பான்.

எங்கள் வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டது. கைப்பேசியில் பிராண்டின் பெயரைப் போட்டு, 'சர்வீஸ் சென்டர் கோலாலம்பூர்' என்று தேடினேன். முதல் வரியிலேயே அந்தப் பிராண்டின் பெயர், நீல எழுத்தில். பக்கத்தில் குட்டியாக ஒரு லோகோ. கீழே அழைப்புப் பட்டன். தொட்டேன். தளம் எதுவும் திறக்கவில்லை, நேராக போன் போய்விட்டது. அது யாருடைய தளம், என்ன முகவரி என்று பார்க்க ஒரு நொடிகூடக் கிடைக்காது.

எடுத்த பெண் மாடல் நம்பர் கேட்டாள், சீரியல் நம்பர் கேட்டாள், வாரண்டி முடிந்துவிட்டதா என்றும் கேட்டாள். இவ்வளவு கேட்பவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லாமல் வேறு யார்? மதியமே ஆள் வந்துவிட்டான். சட்டையில் அதே லோகோ. தமிழ்ப் பையன். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். மெஷினைக் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, போர்டு போயிருச்சு. இத கழட்டிக் கொண்டுபோறேன். ஒரிஜினல் போர்டு 780 வெள்ளி. இப்பவே கட்டிட்டா நாளைக்கே மாட்டிரலாம்" என்றான். என் மாமியார் வேறு மைலோ கலக்கிக் கொடுத்தார். அதையும் குடித்துவிட்டுத்தான் போனான், படுபாவி. டுயிட்நவ்வில், அதாவது கைப்பேசியிலேயே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் வசதியில், 780 வெள்ளி அனுப்பினேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "டெக்னீஷியன் கணக்குதான்க்கா, ரசீது வாட்ஸ்அப்புல வந்துரும்" என்றான்.

ரசீதும் வரவில்லை, போர்டும் வரவில்லை. போன் செய்தால், சாமான் சிங்கப்பூரிலிருந்து வரணுமாம். அப்புறம் டெக்னீஷியன் லீவாம். அப்புறம் அதே பெண், "மேடம், உங்க பேர்ல ஜாப் எதுவும் இல்லையே" என்றாள். இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். வங்கியில், "நீங்களாகத்தானே அனுப்பினீர்கள்?" விளம்பரத்துக்கு இடம் கொடுத்த தேடுபொறிக்குப் புகார் எழுதினால், கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில், அதற்கு மேல் மூச்சில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரை கேட்கலாம். சரி, யார்மேல் கேட்பது? பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.

பிறகு உண்மையான சர்வீஸ் சென்டர் ஆள் வந்து, மெஷினின் கீழ்மூலையில் இருக்கும் ஃபில்டரைத் திறந்தார். ஒரு இருபது காசும் ஒரு ஹேர்பின்னும் விழுந்தன. அடைப்பு அவ்வளவுதான்! போர்டு நன்றாகவே இருந்திருக்கும் என்றார். அதைத்தான் அந்தப் பையன் கழற்றிக்கொண்டு போய்விட்டானே, இப்போது அதை வேறு புதிதாக வாங்க வேண்டும். அதுவரை டோபி கடைக்குத் துணி சுமக்கிறேன்.

என் அண்ணன் மகள் கல்லூரியில் டிசைன் படிக்கிறாள். அதே தேடலை என் எதிரிலேயே போட்டாள். "அத்தை, இந்த ஸ்கிரீன் மொத்தமும் விளம்பரம். நிஜக் கம்பெனி இதோ, ரெண்டு தடவ தள்ளுன பிறகுதான் வருது." மேலே 'ஸ்பான்சர்ட்' என்று பொடி எழுத்தில் இருந்தது. மற்றபடி அதே எழுத்து, அதே நீலம். முன்பெல்லாம் விளம்பரத்துக்குப் பின்னால் வெளிர்மஞ்சளோ இளஞ்சிவப்போ அடித்திருப்பார்கள், கணினியில் வலது ஓரத்தில் தனியாகவும் அடுக்கியிருப்பார்கள். எனக்கே நினைவிருக்கிறது. அந்த நிறம் எங்கே போயிற்று? விளம்பரத்தைப் பிரித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் தேடுபொறிகளுக்கு 2002இலேயே சொல்லியிருக்கிறது. அந்த வேறுபாடு மங்கிக்கொண்டே வருகிறது, நிழல் நிறமோ கட்டமோ எடுப்பாகத் தெரியட்டும் என்று 2013இல் மறுபடியும் கடிதம் போட்டிருக்கிறது. இணையப் பக்கத்தில் கண் மேலேயும் இடப்பக்கமும்தான் அதிகம் மேயும், கீழே போகப் போக விட்டுவிடும் என்று இணையப் பயன்பாட்டை ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 2006இலேயே கண்ணசைவைப் பதிவு செய்து எழுதியதாம். அந்த இடத்தைத்தான் காசுக்கு விற்கிறார்கள். கோயில் வாசலில் கடை போட்டவனை அர்ச்சகர் வேஷத்தில் உட்கார வைத்தால் சனங்கள் தட்டில் காசு போடத்தானே செய்வார்கள்? அந்தத் தட்டில்தான் என் 780 வெள்ளி விழுந்தது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். தேடல் பக்கத்தில் இருக்கும் அழைப்புப் பட்டனைத் தொடாதீர்கள். மெஷினோடு வந்த வாரண்டி அட்டையில் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். கம்பெனி என்று சொல்லிக்கொண்டு தனி ஆள் கணக்கைக் கொடுத்தால் அனுப்பாதீர்கள். கணக்கு எண்ணைப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டு, அதன்மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அடியுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

இன்று காலை தேடியபோதும் அதே விளம்பரம், அதே போன் எண், பெயர் மட்டும் வேறு. கண்ணில் பட்டால் படம் பிடித்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.