பள்ளி வேனில் பத்து வருஷம் ஓடிய சிடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வேனில் கேட்க இந்த ஆல்பம் உதவாது. என்னுடையது பழைய டீசல் வேன், பின்னால் பன்னிரண்டு பிள்ளைகள். அந்தச் சத்தத்தில் அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் பாடுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்றே தெரியாது. அப்படியும் ‘கேரி அண்ட் லோவெல்’ சிடி பத்து வருஷத்துக்கு மேலாக இந்த வேனில்தான் கிடக்கிறது.

எனக்கு ஊர் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் ஊர்ப் பெயரை மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த நாட்டிலேயே முதன்முதலாக, 1917-இல், வியாபாரத்துக்கென்று செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமாரம் தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. பெயரில் தென்னை, நட்டது செம்பனை! காலை நடை முடிந்ததும் தமிழ்ப்பள்ளிக்கு எதிரே மரத்தடியில் வேனை நிறுத்தி எஞ்சினை அணைப்பேன். அடுத்த நடைக்கு முக்கால் மணி நேரம் இருக்கும். ஆல்பத்தில் 11 பாட்டு, 44 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ஆல்பம் 2015 மார்ச் கடைசியில் வந்தது. கோலாலம்பூரில் வேலை செய்த கூட்டாளி அந்த வருஷக் கடைசியில் சிடியைக் கையில் திணித்தான். இரண்டு நாள் கேட்டேன், எல்லாம் ஒரே பாட்டாகத் தெரிந்தது. ட்ரம்ஸ் கிடையாது. கிட்டார் கம்பியை விரலால் ஒவ்வொன்றாக மீட்டுகிறார். குரல் கிசுகிசுப்பாக, தன் மேலேயே ஒரு மடிப்பு மடித்துப் போட்டதுபோல வருகிறது. சில இடங்களை ஓரிகன் மாநிலத்தில் ஒரு ஹோட்டல் அறையில் ஐபோனில் பதிவு செய்தாராம். சிடியை முன்பெட்டியில் போட்டு மூடினேன். உறையைப் பார்த்த மலாய்க்கார வேன்காரர் ஒருவர், “இந்த ஆள் முஸ்லிமா?” என்று கேட்டார். இல்லை, கிறிஸ்தவர். அவர் பிறந்தபோது பெற்றோர் சூபுட் என்ற ஆன்மிகக் குழுவில் இருந்தார்கள், பெயர் அதன் வழியாக வந்தது. அந்தக் குழு தோன்றியது இங்கே பக்கத்தில், ஜாவாவில். அவரிடம் இதை விளக்கி முடிப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிட்டது.

கேரி என்பது சுஃப்யானின் அம்மா. பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போது வீட்டை விட்டுப் போனவர். மனச்சோர்வு, மனச்சிதைவு, குடி எல்லாம் இருந்தது. பிறகு லோவெல் பிராம்ஸ் என்பவரைக் கட்டிக்கொண்டார். அந்த நாட்களில் பிள்ளைகள் சில கோடை விடுமுறைகளுக்கு ஓரிகனுக்குப் போய் அம்மாவோடு இருந்தார்கள். அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை. ஆனால் லோவெல் பிள்ளைகளை விடவில்லை. பின்னாளில் சுஃப்யானோடு சேர்ந்து அஸ்த்மாட்டிக் கிட்டி என்ற இசை நிறுவனத்தை நடத்தினார், இந்த ஆல்பத்தை வெளியிட்டதும் அதுதான். கேரி 2012 டிசம்பரில் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார்.

எங்கள் அம்மா 2017-இல் போனார். சாவு வீட்டில் பழைய தோட்ட லயத்துப் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரியில் புகழ்ச்சி மட்டுமா இருக்கும்? என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டியே என்று செத்தவரைச் சண்டைக்கும் இழுப்பார்கள். ஆம்பளைக்கு அந்த வசதி இல்லை. நான் கொட்டகைக்காரனுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், முன்பெட்டியில் எதையோ தேடும்போது சிடி கைக்கு வந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. முதல் தடவையாக வார்த்தை காதில் விழுந்தது. ஆறாவது பாட்டில் சாகக் கிடக்கும் அம்மா மகனைப் பறவை பெயரும் பூச்சி பெயரும் சொல்லிக் கொஞ்சுகிறார், உனக்குப் போதுமான அன்பு கிடைத்ததா என்று கேட்கிறார். கடைசியில் எல்லாருக்கும் சாவு உண்டு என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி முடிகிறது. எங்கள் அம்மா மருத்துவமனைக் கட்டிலில் என்னிடம் கடைசியாகக் கேட்டது, “வேனுக்கு ரோட் டேக்ஸ் கட்டிட்டியா?” கட்டவில்லை. கட்டிட்டேம்மா என்றேன். மரத்தடியில் அந்தப் பாட்டை நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி போட்டேன். அன்றைக்கு இரண்டாவது நடைக்கு நான் தாமதம்.

ஆல்பத்தில் எனக்கு மிக நெருக்கமானது இரண்டாவது பாட்டு. மூன்று நாலு வயசில் அம்மா பிள்ளைகளை ஒரு வீடியோ கடையில் விட்டுவிட்டுப் போனதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். என்னை விட்டது தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாயில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். தூக்கத்தோடு தூக்கிப் போய்த் துணி ஏணையில் போட்டுவிடுவார். விழித்தால் பக்கத்து ஏணைப் பிள்ளை அழுதுகொண்டிருக்கும், மூத்திர வாடை, ஆயா கலக்கும் பால்மாவு வாசம். பதினோரு மணிக்கு மேல் அம்மா வரும்போது சட்டையில் காய்ந்த பால் ரப்பராக ஒட்டியிருக்கும், நான் அதை உரித்து உருண்டையாக்குவேன். இரண்டு அம்மாவும் ஒன்றில்லை. எங்கள் அம்மா தினமும் திரும்பி வந்தார். ஆனாலும் விழித்ததும் ஆளைக் காணாத அந்த ஒரு நிமிடத்தை இந்த ஆளுக்கும் தெரியும்.

‘யூஜின்’ பாட்டில் சிரிக்க ஓர் இடம் உண்டு. நீச்சல் சொல்லிக்கொடுத்தவருக்கு இவர் பெயர் வாயில் நுழையாமல் ‘சுபாரு’ என்று கூப்பிடுவாராம். என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருஷமும் வேறு யாரையோ கூப்பிட்டார்கள், நானும் எழுந்து நின்றேன்.

குறைகளும் சொல்ல வேண்டும். பைபிள் தெரியாதவனுக்குப் பாதி விஷயம் பிடிபடாது. சில பாட்டு முடிந்த பிறகும் ஊ என்று ஒரு நீளமான ஒலி ஓடிக்கொண்டே இருக்கும், அதில் எனக்குப் பொறுமை இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுக்கொண்டு ஓட்டவே கூடாது, கண் சொக்கும். சிடி வெயிலில் கிடந்து, ஒன்பதாவது பாட்டில் குதிக்க ஆரம்பித்துவிட்டது. 2025-இல் பத்தாண்டு நிறைவுப் பதிப்பு வந்தது, ஆரம்பகட்டப் பதிவுகளையும் சேர்த்திருக்கிறார்கள். போனில் கேட்டேன். பழகிய சட்டையின் உள்தையலைப் பார்த்ததுபோல இருந்தது, ஒரு தடவைக்கு மேல் தேவைப்படவில்லை. புதிதாகக் கேட்பவர் பழைய 11 பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் ஹெட்போனில், இரவில்.

இரண்டாவது பாட்டு பாதியில் திரும்பும். கிட்டார் சற்று நிமிரும், அண்ணனுக்கு ஒரு மகள் பிறந்ததைப் பாடுவார், அதுவரை இருந்த இருட்டு கொஞ்சம் விலகும். போன மாதம் சரியாக அந்த இடம் வரும்போது என் அண்ணன் மகள் முன்சீட்டில் உட்கார்ந்து குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதைக் கேளு என்று ஒலியைக் கூட்டினேன்.

“தூக்கமா வருது சித்தப்பா. ராகா ரேடியோ போடுங்க.”

போட்டேன்.