ஆலங்காயம் ரோட்டில் ஒரு பஞ்சர் கடை

மெல்போர்னிலிருந்து வந்து வேலூரில் இருந்த 20 நாளில் பேங்க் வேலை, வீட்டு வரி, தங்கை வீட்டுச் சீமந்தம் எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை குடும்பத்தோடு காவலூர் வானாய்வு மையத்துக்குப் போனோமே, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக் கார் பயணங்கள் எப்படி இருக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல். விடியும் முன்னால் வாசலில் வாடகை அம்பாசிடர். ஜன்னல் ஓரத்துக்கு அடிதடி. ஆம்பூர் பக்கம் ஒரு புளியமரத்தடியில் பாயை விரித்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்திருப்போம். நாலு வழிச் சாலை வந்ததும் அந்த மரங்கள் போய்விட்டன. மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர், மூன்று முறை பிள்ளைகளோடு ஓட்டியிருக்கிறேன். ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும், வழியெல்லாம் சுத்தமான கழிப்பறை இருக்கும். ஆனால் வழியில் ஒரு மனிதரோடு நின்று பேசிய ஞாபகம் இல்லை.

இந்த முறை ஏழு பேர் உட்காரும் வண்டியை நாங்களே ஓட்டுவதாக வாடகைக்கு எடுத்தோம். தம்பி ஓட்டினான். காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கூண்டைப் பார்த்து மகள் வாயைப் பிளந்து நின்றாள். பார்க்க வருபவர்களுக்கென்று வைத்திருக்கும் தொலைநோக்கியில் எதுவும் தெரியவில்லை, வானம் முழுக்க மேகம். அவள் முகம் வாடிவிட்டது.

திரும்பும்போது ஆலங்காயம் தாண்டி வாணியம்பாடி ரோட்டில் இடது பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. மணி எட்டு. சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்று இறக்கினால் கட்டை விரலால் அழுத்தினாலே அமுங்குகிறது. காற்றே இல்லை! வயதான அப்பா அம்மாவும் குழந்தைகளும் ஏறப்போகும் வண்டியை இப்படியா கொடுப்பார்கள்? போன் செய்தால், "புகார் பதிவாயிடுச்சு சார், மூணு மணி நேரத்துல ஆள் வருவாங்க" என்று ஒரு குரல். மெல்போர்னிலும் உதவி வண்டிக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே காற்றில்லாத சக்கரத்தை மாட்டி யாரும் வாடகைக்கு விட்டதில்லை. எனக்கு வந்த கோபத்தில் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

அந்த நேரத்தில்தான் டிவிஎஸ் எக்ஸெல்லில் போன பெரியவர் ஒருவர் நின்றார். "இன்னா நைனா, பஞ்சரா? வளைவு தாண்டி நம்ம பையன் ஒருத்தன் கீறான். இரு, அனுப்பறேன்." பத்து நிமிஷத்தில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவர் தன்னுடைய எக்ஸெல்லில் ஜாக்கியோடு வந்தார். சக்கரத்தைக் கழற்றி முன்னால் படுக்க வைத்தார், அதன்மேல் ஸ்டெப்னியையும் வைத்துக் கட்டினார். "பின்னால உக்காருங்கண்ணே" என்றார்.

கடை என்றால் வீட்டு முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. வெள்ளைப் பெயின்ட்டில் 'பஞ்சர்' என்று எழுதிய பழைய டயர் ஒன்று வேப்பமரத்தில் தொங்கியது. காற்றடித்து, சோப்புத் தண்ணீரை ஊற்றி, சக்கரத்தை மெதுவாக உருட்டினார். ஓரிடத்தில் நுரை பொங்கியது. பிளையரால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். மாட்டு லாட ஆணி. ஓட்டையை ஊசியால் நாலு முறை குடைந்து, பசை தடவிய ரப்பர் திரியைச் செருகி, மிச்சத்தை பிளேடால் அறுத்தார். கடைசியில் விரலில் எச்சிலைத் தொட்டு அந்த இடத்தில் வைத்து, செல்போன் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். குமிழி வரவில்லை. அப்புறம் நான் கேட்காமலே ஸ்டெப்னியையும் சோதித்தார். "இதுல பஞ்சர் இல்லண்ணே. வால்வு லூசு, அதான்" என்று புது வால்வு போட்டார். அதற்குள் அவருடைய அம்மா சொம்பில் தண்ணீரும், குழந்தைகளுக்கென்று ஒரு தூக்கில் வேகவைத்த மொச்சையும் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது எல்லோரும் மதகுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, மத்தியானம் மிஞ்சிய புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேகம் விலகியிருந்தது. அவ்வளவு நட்சத்திரத்தை ஒன்றாக நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அப்பா தலைக்கு மேலே கையை நீட்டி, "அதோ கொத்தா இருக்கு பாரு, அதுதான் கார்த்திகை. இந்தப் பக்கம் செவப்பா இருக்கே, அது திருவாதிரை" என்று சொல்ல, மகள் அவர் விரல் நுனியோடு கன்னத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எனக்கும் இப்படித்தான் காட்டினார், ஏலகிரியில். பிறகு நான் யாருக்கும் காட்டவில்லை. அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் என் கையில் ஓர் இலையை வைத்தார்.

சக்கரத்தை மாட்டி முடித்ததும் அந்தத் தம்பி கேட்டது 250 ரூபாய், வால்வோடு சேர்த்து. ஐநூறு கொடுத்தேன். மீதியை எண்ணி என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "ஆம்பூர் வரைக்கும் அறுபதுக்கு மேல ஓட்டாதீங்கண்ணே" என்று வண்டி ஓட்டிய என் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாடகைக் கம்பெனியின் ஆள் போன் செய்தபோது நாங்கள் வேலூர் வீட்டில் படுத்தாயிற்று. கார் எடுக்கும்போது ஸ்டெப்னியை இறக்கி அழுத்திப் பார்த்துவிட்டு எடுங்கள். அந்த ரோட்டில் ராத்திரியில் மாட்டிக்கொண்டால் வேப்பமரத்தில் தொங்கும் டயரைத் தேடுங்கள். கடை மூடியிருந்தாலும் வீட்டுக் கதவைத் தட்டலாம்.